இரண்டு வேலிகளுக்கு நடுவே

கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த அருமைநாயகியின் கை அப்படியே நின்றது. வேலியின் அடிப்பக்கத்தில், உயிர்வேலியாக நட்ட கிளுவைக் கதியால்களுக்கு அப்பால், சருகு சரசரத்தது. காலையிலிருந்து வீசிய சோளகக் காற்று அந்த நேரம் விழுந்துபோயிருந்தது. ஆகவே அது காற்றில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து வேலி இடுக்கால் பார்த்தாள். கீரி ஒன்று தலையைத் தாழ்த்தி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு குட்டி, அதன் பின்னால் இன்னொரு குட்டி, கடைசியில் மற்ற இரண்டையும்விட இளைத்த ஒன்று. முன்னால் போவதன் வாலில் பின்னால் வருவது மூக்கை ஒட்டிக்கொண்டு நடந்தபடியால், நாலும் சேர்ந்து நீளமான ஒரே பிராணியாகத் தெரிந்தன. கோயில் கேணிப் பக்கம் அவை மறையும்வரை அவள் அசையவில்லை. பிறகு, "முருகா, சின்னனையும் பார்த்துக்கொள்ளு" என்று தனக்குள் சொல்லிவிட்டுச் சாம்பலைத் தொட்டாள்.

கீரிகள் போன அந்தத் துண்டு நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரர் இல்லை என்பதும் சரியல்ல. இரண்டு பேர் இருந்தார்கள். கோப்பாயில் அந்த வீட்டு வளவை அருமைநாயகியின் தகப்பன் இரண்டாகப் பிரித்து, கிழக்குப் பாதியை மூத்தவள் இரத்தினம்மாவுக்கும் மேற்குப் பாதியை இளையவளுக்கும் சீதனமாக எழுதினார். ஒரு மாரிக்கு முன்னால் நடுவேலியைப் பிரித்துப் புதிதாக அடைத்தபோது, கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டது யார் என்று இரண்டு மருமக்களுக்கும் வாய் தடித்தது. இரத்தினம்மாவின் புருசன் நடராசா மண்வெட்டியை ஓங்கினார் என்றும், அருமைநாயகியின் புருசன் பொன்னம்பலம் கத்தியை எடுத்தார் என்றும் ஊர் கதைத்தது. வழக்குக்குப் போனார்கள். வழக்கு முடியும்வரை சண்டைக்குரிய துண்டில் எவரும் கை வைக்கக்கூடாது என்று கட்டளை வந்தது. இவர் அந்தத் துண்டிலிருந்து இன்னும் தள்ளி இந்தப் பக்கத்தில் ஒரு வேலி போட்டார், அவரும் தள்ளி அந்தப் பக்கத்தில் ஒரு வேலி போட்டார். நடுவில் நாலு முழ அகலத்தில், பின்னாலிருந்த பனங்கூடலிலிருந்து முன்னாலிருந்த வைரவர் கோயிலின் படிகட்டிய கேணி வரைக்கும், ஒரு நீளத் துண்டு தனித்துப் போனது.

பிறகு நாடு குழம்பியது. நீதிமன்றக் கதவு திறந்த நாள்களைவிட மூடிய நாள்கள் கூடின. வழக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பொன்னம்பலம் பாரிசவாதத்தில் கிடந்து போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுக்கு அக்கா வீட்டார் வரவில்லை. நல்லது கெட்டதுக்குப் போய்வருகிற நன்மை தின்மை அறுந்து நெடுங்காலமாகியிருந்தது. அன்றைக்குக் கிழக்குப் பக்கத்து வேலிக்குப் பின்னால் யாரோ அடக்கி அடக்கி அழுத சத்தம் தனக்குக் கேட்டதாக அருமைநாயகி நினைத்தாள். அது உண்மையாக இருக்கட்டும் என்று விரும்பினாள்.

கை வைக்காத நிலத்தில் கை வைத்தது கடவுள் மட்டுந்தான். இரண்டு வேலிக் கிளுவையும் வளைந்து மேலே ஒன்றோடொன்று கைகோர்த்தன. கீழே நாயுருவியும் எருக்கலையும் இலந்தையும் தாமாக முளைத்தன. அந்த நிழலுக்குள்ளால் பனங்கூடலில் குடியிருந்த சின்னச் சீவன்கள் எல்லாம் தண்ணீருக்கு வந்து போயின. அணில்கள் மேலே கிளையோடு ஓடின. மாலை மங்கும் வேளையில் முயல் ஒன்று காதை நிமிர்த்திக்கொண்டு தத்திப் போகும். சுற்றிவரத் தோட்டங்கள், கூட்டித் துப்புரவாக்கிய முற்றங்கள், தார் றோட்டு. பனங்கூடலிலிருந்து கேணிக்கு வர, பதுங்கிப் பதுங்கி நடக்கிற சீவன்களுக்கு வேறு வழி கிடையாது. இரண்டு ஆண்களின் கோபம் அதுகளுக்கு ஒரு ஒழுங்கைப் பாதை போட்டுக் கொடுத்திருந்தது.

மகளை வவுனியாவில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனித்திருந்த அருமைநாயகிக்கு, அந்த ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பதே நாளில் பாதி வேலையாக இருந்தது. கேணி வற்றிய கோடையொன்றில், உடைந்த மண்முட்டியின் அடித்துண்டை வேலி இடுக்கால் உள்ளே தள்ளித் தண்ணீர் ஊற்றி வைத்தாள். ஒருமுறை காய்ச்சலில் அவள் எழும்பாமல் கிடந்தாள். எழும்பிப் போய்ப் பார்த்தபோது அந்த முட்டித் துண்டு நிறையத் தண்ணீர் இருந்தது. எதிர்ப்பக்கத்து வேலியடியில் மண் ஈரமாக இருந்தது. அவள் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டாள். அதன்பிறகு ஒருநாள் இவள் ஊற்றினால் மறுநாள் ஊற்றமாட்டாள். அக்காவும் அவளும் கதைக்கவில்லை, ஆனால் தண்ணீர் குறையவில்லை.

கீரி குட்டிகளோடு போனதைப் பார்த்த அந்தக் கிழமைதான் பொம்பர் வந்து சந்திக்குப் பக்கத்தில் குண்டு போட்டது. ஓடு கழன்று விழுந்தது. புகை அடங்கிய பிறகு வேலிக்கு அங்காலிருந்து ஒரு குரல் வந்தது.

"அருமை, நிக்கிறியே?"

அந்தக் குரலை அவள் எத்தனையோ தடவை கனவில் கேட்டிருக்கிறாள். இப்போது அது கொஞ்சம் கரகரத்திருந்தது.

"ஓம் அக்கா. நிக்கிறன்."

"ஒண்டும் ஆகேல்லையே?"

"இல்லை. உங்களுக்கு?"

"இல்லை." பிறகு இரத்தினம்மா, "பத்மாசினிக்கு இது எட்டாம் மாதம். மருமகன் கொழும்பிலை நிண்டிட்டார், வர வழியில்லை. பள்ளிக்கூடத்துப் பங்கருக்கு இவளை இழுத்துக்கொண்டு நான் ஓடுறதுக்குள்ளை அவன் போட்டிட்டுப் போயிடுவான்" என்றாள்.

"வளவுக்கை ஒண்டு வெட்டேலாதே?"

"ரெண்டு முழத்திலை கல்லு. உன்ரை அத்தான் வெட்டப்போய் அலவாங்குக் கம்பியை வளைச்சுப்போட்டு இருக்கிறார். உன்ரை பக்கமும் கல்லுத்தானே. உந்தத் துண்டு மட்டுந்தான் மண்." அவள் மூச்சு வாங்கினாள். "எங்கடை அப்பு வீடு கட்ட மண் எடுத்துப்போட்டு மூடின கிடங்கு அது. உன்ரை சம்மதம் இல்லாமல் தான் தொடமாட்டாராம் எண்டு அத்தான் சொல்லச் சொன்னவர்."

பொன்னம்பலம் கடைசி நாள்களில், வாய் கோணிய பிறகும், அந்தத் துண்டை விட்டுவிடாதே என்றுதான் சைகை செய்தார். அருமைநாயகி அதை நினைத்தாள். வாலில் மூக்கை ஒட்டிக்கொண்டு போன இளைத்த குட்டியை நினைத்தாள். அவள் கையில் தூக்கி வளர்த்த அக்காவின் மகள் பத்மாசினி, வேலிச் சண்டையால் கலியாணத்துக்குக்கூடத் தன்னைக் கூப்பிடாத பத்மாசினி, இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு எந்த மூலையில் ஒடுங்கி இருக்கிறாளோ என்று நினைத்தாள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"வெட்டுங்கோ அக்கா. பங்கருக்கு வேண்டிய அளவு நடுவிலை மட்டும் வெட்டுங்கோ. மற்றப் பற்றையளை அப்பிடியே விடச் சொல்லுங்கோ. கீரி குட்டியளோடை திரியுது."

"தெரியும் தெரியும். எங்கடை கோழிக்குஞ்சைத் திண்டுதானே கொழுத்துத் திரியுது" என்றாள் அக்கா. வேலிக்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

வெட்டத் தொடங்கியபோது நடராசா அவளுடைய முகத்தைப் பார்க்காமலே கதைத்தார். மெலிந்து கூனிப்போயிருந்தார். மண்வெட்டி பிடிக்கிற கை மட்டும் அப்படியே இருந்தது. அவள் மண்ணைக் கடகப் பெட்டியில் அள்ளினாள். பக்கத்தில் ஒரு சின்ன வழி விட்டு வெட்டும்படி அவள் சொன்னபோது அவர் நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தார்.

"எங்களுக்கே ஆனையிறவுப் பாதையாலை வெளியிலை போக ஒரு வழியில்லை. நீ கீரிக்கு வழி விடச் சொல்லுறாய்."

"அதுகள் ஒருதரோடையும் வழக்குக்குப் போகேல்லையே அத்தான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு நாக்கைக் கடிக்கத் தோன்றியது. நடராசா மண்வெட்டியில் சாய்ந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "உன்ரை வாய் மட்டும் மாறேல்லை" என்றார். அவள் சொன்ன பக்கத்தில் ஒரு முழம் விட்டே வெட்டினார். பனங்குற்றிகளை அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, ஒரு வாய் அடைபட்டால் மற்ற வாயால் வெளியே வரலாம் என்று பனங்கூடல் பக்கம் ஒரு வாயும் கேணிப் பக்கம் ஒரு வாயும் வைத்தார்கள். பங்கர் முடிந்த அடுத்த நாள் கீரி குட்டிகளோடு அந்த ஒரு முழ இடைவெளியால் போனதை அருமைநாயகி தன் கண்ணால் கண்டாள். எல்லாருக்கும் இடம் இருக்கிறது என்று நினைத்து அவள் நெஞ்சு குளிர்ந்தது.

அந்தச் சந்தோசத்தில்தான் பத்மாசினியின் பிரசவத்துக்காக நேர்ந்துகொண்டு சந்நிதி கோயிலுக்குப் புறப்பட்டாள். பஸ் இல்லை. தெரிந்த பெண்கள் சிலரோடு நடந்து தொண்டைமானாற்றுக்குப் போய், ஆற்றில் முழுகி, முருகனைக் கும்பிட்டு, மடத்தில் இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரம் வீடு வந்து சேர்ந்தாள்.

படலையைத் திறந்ததும் ஏதோ பிழை என்று பட்டது. வெளிச்சம் கூடியிருந்தது. அவளுடைய கிணற்றடியிலிருந்து அக்காவின் அடுப்படிவரை ஒரே வெளி. இரண்டு வேலியும் இல்லை. பனங்கூடலிலிருந்து கேணிவரை, பங்கர் மேட்டைத் தவிர, ஒரு புல்லும் இல்லாமல் துப்புரவாகச் செதுக்கி, தண்ணீர் தெளித்துக் கூட்டிய நிலம் வெயிலில் பளிச்சென்று கிடந்தது. ஈர்க்குமாறு போன வரிகள்கூட அழியாமல் இருந்தன.

நடராசா வேட்டியை மடித்துக் கட்டியபடி நடுவில் நின்றார். கையெல்லாம் முள் கீறிய இரத்தக் கோடுகள். அவருடைய முகத்தில் அவள் முன்பு ஒருபோதும் கண்டிராத ஒரு கூச்சம் இருந்தது.

"பார் அருமை. இனி ஒரே வளவு. வேலி வேண்டாம் எண்டு உன்ரை கொக்காவும் நானும் யோசிச்சம். பாம்பு பூச்சிக்கும் பயமில்லாமல் பத்மாசினி ஓடி வரலாம்." பிறகு அவளுடைய தோட்டப் பக்கம் கையைக் காட்டினார். "வெட்டின இலை குழை முழுக்க உன்ரை வெங்காயத் தறைக்குப் பசளையாத் தாட்டுவிட்டன். யூரியா கண்ணிலை காணக் கிடைக்காத காலம். எங்கடை பக்கத்துக்கு ஒரு இலையும் எடுக்கேல்லை."

அவர் விட்டுக்கொடுத்தது நிலத்தை மட்டுமல்ல. குழை எவ்வளவு பெறுமதி என்று தோட்டக்காரிக்குத் தெரியும். இத்தனை வருசப் பகையையும் இரண்டு பகலில் தன் கையால் வெட்டி, அதை அவளுடைய பயிருக்கு உரமாகப் போட்டிருக்கிறார். பின்னால் இரத்தினம்மா ஒரு தட்டத்தில் சர்க்கரை போட்டுப் பொங்கிய புக்கையோடு நின்றாள், கண் கலங்கியிருந்தது. பத்மாசினி அடுப்படி வாசலில் நின்று, "சின்னம்மா, வாங்கோ, சாப்பிடுங்கோ" என்றாள்.

"நல்லாயிருக்கு அத்தான்" என்றாள் அருமைநாயகி. புக்கையை வாங்கிச் சாப்பிட்டாள். இனித்தது. இந்த மனிதர்களின் முகத்தில் இருக்கிற வெளிச்சத்தை ஒரு சொல்லால் அணைக்க அவளால் முடியவில்லை. நல்ல மனதோடு செய்த காரியம், அதைச் செய்தவரின் கண்ணுக்கு எட்டாத ஒரு சின்ன உயிரின் வழியை மூடிவிடக்கூடும் என்று அவள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணியபோது யார்மேலும் கோபம் வரவில்லை. அதனால் துக்கம் இறங்குவதற்கு இடமில்லாமல் போயிற்று.

கீரி மறுநாள் வந்தது. பனங்கூடலின் ஓரத்தில், கடைசி வடலிப் பனையின் நிழலில், பின்னங்காலில் நிமிர்ந்து நின்று அந்த வெளியைப் பார்த்தது. குட்டிகள் அதன் காலடியில் நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரு அடி வைத்தது. வெயில் பட்டதும் திரும்பி ஓடியது. கொஞ்சநேரத்தில் மறுபடி வந்து நின்றது. பனங்கூடலுக்குள் தண்ணீர் இல்லை. குட்டையும் இல்லை, குழியும் இல்லை. கடைசியில் குட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடியது. போகும்போது எல்லாம் போய்ச் சேர்ந்தன. திரும்பி வரும்போதுதான் கோயில் மதிலடியில் படுத்திருந்த நாய் எழும்பியது. பலாலிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் விட்டுவிட்டுப் போன நாய். பசி கிடந்த நாய். அதையும் குறை சொல்ல முடியாது. அருமைநாயகி துலாக்கயிற்றை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது நாயின் வாயில் ஒரு குட்டி தொங்கியது.

இரண்டாவதைப் பருந்து கொண்டுபோனது. மேலே கிளை இல்லாத நிலத்தில் பருந்துக்கு எல்லாம் தெரியும். அது உயரத்திலிருந்து நழுவவிட்டதோ என்னவோ, பின்னேரம் நடராசாவின் தோட்ட வரம்பில் குட்டி கிடந்தது. அவர் அதை ஒரு பூவரசம் இலையில் ஏந்திக்கொண்டு வந்து கிணற்றடியில் நின்றார்.

"இது அதுதானே?"

அவள் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அவர் கூட்டிப் பெருக்கிய நிலத்தைப் பார்த்தார். பனங்கூடலைப் பார்த்தார், கேணியைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருடைய முகம் மாறியது. "நீ அண்டைக்குச் சொன்னனி. நடுவிலை மட்டும் எண்டு. கொக்கா எனக்குச் சொன்னவள். நான் வெறும் பற்றைதானே, துப்புரவாக்கினா நல்லதுதானே எண்டு..." அவர் நிறுத்தினார். "வந்தவுடனை ஏன் பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆசையாச் செய்தது அத்தான்."

அவர் அந்த இலையோடு பனங்கூடல் பக்கம் போனார். குனிந்து மண்ணைக் கிண்டுவது தெரிந்தது. நிமிர அவருக்கு நேரம் எடுத்தது.

அடுத்த நாள் விடிய அவர் காவோலைகளை இழுத்து வந்தார். ஒன்றையொன்று சாய்த்துக் கூடாரம்போல, பனங்கூடலிலிருந்து பங்கர் மேடுவரை, பங்கரிலிருந்து கேணிவரை வரிசையாக வைத்தார். இரத்தினம்மா தன் கோழிக்கூட்டை மூடியிருந்த கிடுகுகளைக் கழற்றிக் கொடுத்தாள். கோழி நனையாதோ என்று பத்மாசினி கேட்டதற்கு, "மழையே இல்லை, என்னத்திலை நனையிறது" என்றாள். வேலிக் கதியாலில் மிஞ்சியவற்றை எடுத்து அருமைநாயகி இரண்டு வரிசையாக நட்டாள். மாரி பிறக்காமல் கிளுவை துளிர்க்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருகாலத்தில் எந்தக் கோட்டில் கதியால் நட்டு அடிபட்டார்களோ, அந்தக் கோட்டில் நடராசா குழி தோண்ட, அவள் கதியாலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் உன் பக்கம் தள்ளட்டோ என்று அவர் கேட்டார். நீங்கள் விரும்பினபடி வையுங்கோ என்றாள் அவள்.

கீரி ஓலைக்குள் போகவில்லை. மனிதக் கை பட்ட வாசம் அதற்குப் பிடிக்கவில்லை போலும். ஓலைத் தொடக்கத்தில் வந்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்பும். பிறகு அதுவும் இல்லை. தாயையும் காணவில்லை, மிஞ்சிய குட்டியையும் காணவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. அருமைநாயகி பனங்கூடல் ஓரத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தாள், காகம்தான் குடித்தது. இளைத்த குட்டிதான் மிஞ்சியிருந்தது என்று அவள் அக்காவுக்குச் சொன்னாள். இளைத்தது தப்பியிருக்கும் என்று அக்கா சொன்னாள். அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் அக்கா அதை ஒவ்வொரு நாளும் சொன்னாள்.

பொம்பரின் இரைச்சல் கேட்டபோது வெயில் உச்சியில் இருந்தது. "பத்மாசினி" என்று இரத்தினம்மா கூப்பிட்டு முடிப்பதற்குள் அருமைநாயகி அந்தப் பெண்ணின் இடுப்பைத் தாங்கிக்கொண்டு வெளியைக் கடந்துவிட்டாள். நாலு பேரும் பங்கருக்குள் இறங்கி, இரண்டு பக்கச் சுவரிலும் முதுகைச் சாய்த்து, நடுவில் காலை நீட்டி இருந்தார்கள். பத்மாசினி வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். முதல் குண்டு தூரத்தில் விழுந்தது. பனங்குற்றிகளுக்கு நடுவால் மண் பொலபொலவென்று கொட்டியது. இரத்தினம்மா தேவாரம் சொல்லத் தொடங்கி, சொல் மறந்து, முதல் அடியையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இரண்டாவது குண்டு கிட்டடியில் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது, பனங்கூடல் பக்க வாயில் புழுதி மிதந்த வெளிச்சத்தில் ஏதோ அசைந்தது. நிலத்தோடு ஒட்டிக்கொண்டு அது உள்ளே வந்தது. மயிர் சிலிர்த்திருந்தது. சிவந்த கண் அவர்களைப் பார்த்ததோ என்னவோ, நிற்கவில்லை. அதற்குத் தெரிந்த பழைய வழியின் மேல்தானே இவர்கள் இருந்தார்கள்.

"காலைத் தூக்குங்கோ" என்றாள் அருமைநாயகி மூச்சுவிடுகிற சத்தத்தில்.

நடராசா முழங்காலை மடக்கினார். இரத்தினம்மா சேலைத் தலைப்பை வழியிலிருந்து இழுத்துச் சுருட்டிக்கொண்டாள். பத்மாசினியால் காலைத் தூக்க முடியவில்லை. அருமைநாயகி இரண்டு கையாலும் அவளுடைய கால்களை ஏந்தித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கீரி அவர்களுக்கு நடுவால் நடந்தது. கேணிப் பக்க வாயடிக்குப் போனதும் வெளியே ஓடாமல் நின்றது. அதன் வாலில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒன்றும் வரவில்லை. திரும்பி, தான் வந்த வாயைப் பார்த்தது.

மேலே இரைச்சல் மறுபடி வட்டமடித்தது. ஒருவரும் காலைக் கீழே வைக்கவில்லை. நாலு பேரும் கீரியோடு சேர்ந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே, சதுரமான வெளிச்சத்தில், புழுதி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.